அல்லி பினாயிலும் நான் நிரப்பிய கட்டமும்

நான் ஓய்வுபெற்ற நாளன்று அலுவலகத்தார் அளித்த தேநீர் விருந்தில் இளம் வழக்குரைஞர் ஒருவர் என்னைப் பாராட்டிப் பேசினார். வணிகக்குறி வழக்குகளில் இரு தரப்பையும் கசப்பின்றிப் பிரித்துவைப்பது எப்படி என்பதற்கு நான் எழுதிய இணக்க உடன்படிக்கை ஒன்றே தங்களுக்கு மாதிரி என்றும், அதன் வரைவைப் பொதுக் கோப்பில் வைத்து எல்லாரும் எடுத்தாள்வதாகவும் கூறினார். அனைவரும் கைதட்டினர். நானும் எழுந்து கைகூப்பினேன். அந்த உடன்படிக்கை எந்த வழக்கில், எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதை அறிந்தவன் அவ்வறையில் நான் ஒருவனே.

ஆகவே இதனை எழுதிவைப்பது கடமையாகிறது. அவ்வரைவின் ஒவ்வொரு தொடரும் சட்டப்படி சரியானதே. ஆனால் அஃது எதை மறைப்பதற்காக எழுதப்பட்டது என்பதை அறியாமல் இளைய வழக்குரைஞர்களாகிய நீங்கள் அதனைக் கையாண்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. முதல் வேலையாக அதனைக் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்து, இதனை அறிவுரையாகக் கொள்ளாதீர்கள். அறிவுரை கூறும் தகுதியை ஒருவன் எவ்வாறு இழந்தான் என்பதே இதில் உள்ளது.

ஸ்ரீராம்புரத்தில் இருப்புப்பாதையை ஒட்டிய சந்தொன்றில் கஸ்தூரி என்னும் அம்மையார் பினாயில் செய்து விற்றுவந்தார். கணவர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். வீட்டின் முன்னறையே தொழிற்கூடம். நீலநிறப் பீப்பாய்கள் இரண்டு, ஒரு மரத்துடுப்பு, ஒரு புனல், புட்டிகளை ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்று. இவ்வளவே கருவிகள். புட்டியின் மேல் மஞ்சள் தாளில் ஓர் அல்லிப்பூவும், அதன்கீழ் ‘அல்லி’ என்று தமிழிலும் கன்னடத்திலும் பெயரும் இருக்கும். மெஜஸ்டிக் பகுதியின் தங்கும் விடுதிகள் சிலவும், இரண்டு மருத்துவமனைகளும், ஒரு திருமண மண்டபமும் அவரிடமே வாங்கின. சந்தில் அவரைக் கஸ்தூரி என்று அழைப்பார் எவருமில்லை. சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் அல்லியக்கா.

பல்பொருள் அங்காடி ஒன்று அவருடைய பினாயிலை அடுக்கில் வைக்க முன்வந்தது. பெயரைப் பதிவுசெய்து வந்தால்தான் வாங்குவோம் என்று கூறிவிட்டது. அதற்காகவே அவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு புட்டிகள். மேசைமேல் அவற்றை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“உக்காருங்கம்மா. எவ்வளவு நாளா இந்தப் பேர்ல விக்கிறீங்க?”

“வருஷமெல்லாம் எங்க சார் நெனப்பு வெச்சிருக்கேன்? பெரியவ வயித்துல இருக்கும்போது மொத பேரல் கலக்குனேன். அந்த வாசனைக்கு வாந்தி மேல வாந்தி. இப்போ அவளே ஒரு பொண்ணப் பெத்து இஸ்கூலுக்கு அனுப்புறா.”

“அல்லின்னு யார் பேர் வெச்சது?”

“யாரும் வெக்கல சார். லேபிள் அடிக்க பிரஸ்காரர்கிட்ட போனேன். எந்தப் பூ வேணும்னாரு. ரோஜா, மல்லி, சம்பங்கி எல்லாத்தையும் ஊதுவத்திக்காரங்க எடுத்துட்டாங்க, அல்லிதான் மிச்சம்னாரு. சரி, மிச்சம் இருக்கறதையே குடுங்கன்னேன்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு பழைய சீட்டோ, பழைய தாளோ ஏதேனும் வைத்திருக்கிறாரா என்று வினவினேன்.

“பழைய லேபிளா? அதெப்படி சார் இருக்கும்? காலி பாட்டில் திரும்பி வரும், தொட்டியில ஊறப்போட்டு சுத்தமா சொரண்டிடுவேன். பழசு ஒட்டிக்கிட்டு இருந்தா, இது யாரோ பாத்ரூம்ல வெச்ச பாட்டில்னு மூஞ்ச சுளிப்பாங்க. புதுசா ஒட்டினாத்தான் கைல வாங்குவாங்க.”

“சரி, பரவாயில்லம்மா. அதெல்லாம் தேவைப்படாது” என்றேன்.

இங்கே நிறுத்தி, அன்று நான் செய்ததை எழுதுகிறேன். நம் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பெயர் எந்நாள் முதல் பயன்பாட்டில் உள்ளது என்று அது கேட்கிறது. நாளைக் குறிப்பிட்டால் அதற்குச் சான்று இணைக்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரமும் எழுத வேண்டும். ‘இனிமேல் பயன்படுத்தக் கருதப்படுகிறது’ என்று குறித்துவிட்டாலோ எந்தச் சான்றும் வேண்டா. சில நொடிகளில் விண்ணப்பம் பதிவகத்தைச் சேர்ந்துவிடும். நான் தொழில் பழகிய அலுவலகத்தின் மூத்தவர், “பெயரை முதலில் வரிசையில் நிறுத்து, வரலாற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார். நாற்பதாண்டுத் தொழிலில் அப்பழக்கம் என் விரலிலேயே தங்கிவிட்டது. பெருநிறுவனங்களின் கோப்புகளுக்கு நான் சான்று திரட்டியதுண்டு. சிறு கடைக்காரர் வந்தால் விரல் தானாகவே ‘இனிமேல்’ என்பதன்மேல் சென்றமரும்.

மூத்த மகள் கருவிலிருந்த நாள்தொட்டு விற்றுவருவதாக ஒருவர் என் எதிரே அமர்ந்து கூறினார். அவர் கூறி முடித்த சிறு பொழுதிற்குள், அவர் இன்னும் தொடங்கவே இல்லை என்று அரசுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதிகாரம் அளிக்கும் தாளில் மட்டும் அவர் கையொப்பமிட்டார். விண்ணப்பத்தில் இருந்தது என் கையொப்பம்.

இதனை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க இயலாது. அவ்விதியை இளையோருக்கு வகுப்பெடுத்தவன் நான். நேரமின்மை என்றும் சொல்ல இயலாது. பின்னர் அதே சான்றுகளை ஒரே பிற்பகலில் நடந்து திரட்டினோம். அதனை இனிக் கூறுகிறேன்.

விண்ணப்பம் பதிவக இதழில் வெளியான சில திங்களில் அறிவிப்பு ஒன்று வந்தது. வீட்டைத் தூய்மை செய்யும் பொருள்களை விற்கும் பெரிய நிறுவனம் அனுப்பியது. அவர்களும் ‘அல்லி’ என்ற பெயரில் தரை துடைக்கும் நீர்மத்தை விற்றுவந்தனர். நமக்குச் சில ஆண்டுகள் முன்னரே பதிவும் செய்திருந்தனர். அதுகாறும் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஓர் அல்லி இருப்பதையே அவர்கள் அறியார். நான் இட்ட விண்ணப்பமே அவர்களுக்கு வழிகாட்டிற்று.

அம்மையார் அறிவிப்பைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தார்.

“சார், என் பேர நானே திருடிட்டேன்னு எழுதியிருக்காங்க. பொண்ணு படிச்சுச் சொன்னா. இப்படியும் கேஸ் போடுவாங்களா?”

“பயப்படாதீங்க. அவங்க பதிவு பண்ணினதுக்கு முன்னாடியே நீங்க வித்திருக்கீங்க. சட்டம் உங்க பக்கம்தான்.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

அது மெய்யே. முன்பே பயன்படுத்தியவரைப் பின்னர்ப் பதிவு செய்தவர் அசைக்க இயலாது என்பது நம் துறையின் அடிப்படை. நான் சட்டத்தைப் பற்றிப் பொய் கூறவில்லை. என் கட்டத்தை மறந்திருந்தேன், அவ்வளவுதான். மறந்தேன் என்பதுகூட முழு உண்மையன்று. இத்தகைய கட்டங்களை நினைவில் வைப்பதே இல்லை.

அந்நிறுவனம் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் வேண்டிற்று. சான்று தேடி நானும் அம்மையாரும் ஒரு பிற்பகல் புறப்பட்டோம். மெஜஸ்டிக் பின்புறத்து விடுதி ஒன்றின் மேலாளர் கன்னடர். அவரைப் பட்டரே என்று அழைப்பார்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

“ஏனம்மா அல்லியக்கா, லாயரையே கூட்டிட்டு வந்துட்டே? போன வாரம் கேன் ஒண்ணு திருப்பிக் குடுக்கலேன்னு கேஸா?”

“அது வேற தனியா போடுவேன். இப்போ சாட்சி சொல்ல வரணும் நீங்க.”

“நானா? கோர்ட்டுக்கா? எங்க அம்மாவாணை, இந்த லாட்ஜ்ல என்னென்ன பார்த்திருக்கேன், ஒண்ணுக்கும் சாட்சி போனதில்லை. பினாயிலுக்குப் போகணுமா?”

“எத்தனை வருஷமா என்கிட்ட வாங்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் இங்க சேர்ந்த அன்னிக்கே மாடிப்படியில வழுக்கி விழுந்தேன். உன் பினாயில்தான். தேதி வேணுமா? ஆஸ்பத்திரிச் சீட்டு பத்திரமா இருக்கு. மாடோணா, செஞ்சுடலாம், வர்றேன் ஸ்வாமி.”

மருத்துவமனை ஒன்றின் பண்டகக் காப்பாளரோ பேச்சே வளர்க்கவில்லை. பழுப்பேறிய இருப்புப் பதிவேடுகளை எடுத்துவந்து மேசைமேல் அடுக்கினார். பக்கந்தோறும், திங்கள்தோறும் ‘அல்லி பினாயில்’ என்று மையால் எழுதப்பட்டிருந்தது. நிறுவனம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய பக்கங்கள் அவை. அம்மையார் ஒரு விரலால் அவ்வெழுத்துகளைத் தொட்டுப் பார்த்தார். “நான் குடுத்தத யாரோ இவ்ளோ அழகா எழுதி வெச்சிருக்காங்க சார்” என்றார். ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம். வெல்லப்போகிறோம் என்று நான் முழுமையாக நம்பினேன்.

தடையாணை மீதான விசாரணை நாள். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் நாற்பது வயதிற்குட்பட்ட பெண்மணி, அளந்து பேசுபவர். நான் பதிவேட்டுப் பக்கங்களைக் காட்டி அரைமணி நேரம் வாதிட்டேன். நீதிபதி அம்மையார் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த அல்லியக்கா, என் பேச்சின் ஆங்கிலம் விளங்காவிடினும் நீதிபதியின் தலையசைவைப் பார்த்து முகம் மலர்ந்திருந்தார்.

எதிர்வழக்குரைஞர் எழுந்தார். பதிவேடுகளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஒரே ஒரு தாளை நீதிபதியிடம் கொடுத்தார். படியொன்றை எனக்கும் நீட்டினார்.

“எதிர்வாதி தாமே அளித்த விண்ணப்பம் இது. இதுநாள்வரை இப்பெயரைப் பயன்படுத்தவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அப்படியானால் இந்தப் பதிவேடுகள் யாருடைய அல்லியைப் பற்றியவை?”

நான் தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டம். கீழே என் கையொப்பம்.

“வழக்குரைஞரே, இதில் ஒப்பமிட்டவர் தாங்கள்தாமே?” என்று நீதிபதி வினவினார்.

“ஆம்.”

“விளக்கம் உண்டா?”

இளைய நண்பர்களே, அவ்வினாவிற்கு இரு சொற்களே விடை. ‘என் பிழை’ என்பன அவை. நீதிபதி கடுமையாகக் கேட்கவில்லை. நான் கூறியது வேறு.

“என் கட்சிக்காரரைக் கலந்தறிந்து விளக்கமளிக்கக் காலம் வேண்டுகிறேன்.”

இத்தொடரை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள், கூறவும் செய்கிறீர்கள். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அன்று அவ்வறையில் அஃது உணர்த்திய பொருள் ஒன்றே: அந்த விண்ணப்பத்திற்கு ஆதாரம் கட்சிக்காரர் கூறிய செய்தி, அவர்தாம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருக்கிறார். நீதிபதி என்னைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்தார். அப்பார்வையை நான் திருப்பியிருக்கலாம். குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டேன்.

வெளியே நடைவழியில் அம்மையார் விரைந்து வந்தார்.

“என்ன சார் ஆச்சு? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு. ஜட்ஜம்மா ஏன் என்ன அப்படிப் பாத்தாங்க?”

“ஒரு பேப்பர்ல தப்பு இருக்கும்மா. இன்னும் ஆரம்பிக்கலன்னு பதிவாகியிருக்கு.”

பதிவாகியிருக்கு. மழை பெய்திருக்கு என்பதுபோல.

“நான்தான் ஏதாவது மாத்திச் சொல்லிட்டேனா சார் அன்னிக்கு? நின்னுக்கிட்டே பேசுனேன், பதட்டமா இருந்துச்சு.”

“இப்போ அதப் பேசிப் பயனில்ல. ஆக வேண்டியதப் பாப்போம்.”

“மன்னிச்சிக்கோங்க சார். உங்களுக்கும் தலைகுனிவா ஆயிடுச்சு.”

நான் அவர் முகத்தைப் பாராமல் தோள் பக்கமாகத் தலையசைத்தேன். அவ்வளவே. என் தொழில் வாழ்வில் பல வழக்குகளில் தோற்றிருக்கிறேன். தோல்வி எதுவும் அவர் கேட்ட அந்த மன்னிப்பைப்போல் என்னை இழிவுபடுத்தியதில்லை.

நீதிமன்றம் இரு வாரங்கள் காலம் தந்தது. செய்யத்தக்கது இன்னதென்பதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. பழக்கத்தினால் நான் தவறாகக் குறித்தேன், கட்சிக்காரர் உண்மையையே கூறினார் என்று நானே உறுதிமொழி அளிக்க வேண்டும். சாட்சியாகிவிட்டபின் அவ்வழக்கை நான் நடத்த இயலாது. எனவே அவருக்கு வேறு வழக்குரைஞரை அமர்த்தித் தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வுறுதிமொழியை மூன்று பத்திகளில் எழுதியும் முடித்தேன். நன்றாகவே இருந்தது.

பிறகு அதனைப் படித்துப் பார்த்தேன். நான் கட்டங்களை எவ்வாறு நிரப்புகிறேன் என்பது நீதிமன்றப் பதிவில் ஏறிவிடும். எதிர்த்தரப்பு நிறுவனம் அதை நகரெங்கும் சொல்லும். என்னிடம் உள்ள பெருநிறுவனத்தார் தங்கள் கோப்புகளையும் புரட்டிப் பார்ப்பார்கள். வழக்குரைஞர் மன்றத்தில் முறையீடு எழலாம். இவற்றுள் எது நிகழ்ந்திருக்கும், எது நிகழ்ந்திராது என்று இன்றும் அறியேன். அறியாதபோதே அஞ்சினேன். தாளை மடித்துச் சட்டநூல் ஒன்றினுள் வைத்தேன். என் பெயர் கெடாதிருக்க அவர் பெயரைக் கொடுப்பது என்று அக்கணமே முடிவாகிவிட்டது. அதனை நான் அன்று அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை. ‘கட்சிக்காரரின் நலன் கருதி இணக்கத்தை நாடுதல்’ என்று சொல்லிக்கொண்டேன். நம் துறையில் இத்தகைய தொடர்களுக்குப் பஞ்சமில்லை.

இணக்க மையத்தில் நீள்மேசையின் இருபுறமும் அமர்ந்தோம். மூன்று திங்களுக்குள் பெயரைக் கைவிட வேண்டும், எவரும் எவரிடமும் எதுவும் கோரக் கூடாது என்பது உடன்படிக்கை. நான் பத்தி பத்தியாக அம்மையாருக்குத் தமிழில் எடுத்துரைத்தேன்.

“பழைய அல்லின்னு போட்டுக்கலாமா சார்?”

“முடியாதும்மா.”

“அல்லியக்கா பினாயில்னு?”

“அதுவும் கூடாது.”

அவர் எதிரே இருந்த பெண் வழக்குரைஞரை நோக்கித் திரும்பினார். “ஏம்மா, சந்துல சனங்க என்ன அல்லியக்கான்னு கூப்பிடுறாங்களே, அதுக்கும் கேஸ் போடுவீங்களா?”

அப்பெண்மணி சிரிக்கவில்லை. “கூப்பிடலாம்மா. பாட்டில்ல மட்டும் எழுதக்கூடாது” என்று மெல்லக் கூறினார்.

“பேரு இல்லாம எப்படிக் கேப்பாங்க சார்? கடைக்கு வந்து, ‘அது’ குடுங்கன்னா கேப்பாங்க?”

“வேற பேர் வெச்சுக்கலாம். நானே பதிவு பண்ணித் தர்றேன், கட்டணமே வேண்டாம். வழக்கை நடத்தினா தோத்துடுவோம்மா. அதுக்கு இது மேல். கையெழுத்துப் போடுங்க.”

நான் கூறினேன், அவர் கையொப்பமிட்டார். கட்டணம் வேண்டாம் என்றதற்காக நன்றியும் கூறினார். என்னிடம் இருந்த மூன்று பத்தி உறுதிமொழியைப் பற்றி, தோல்வி உறுதியன்று என்பதைப் பற்றி, நான் மூச்சுவிடவில்லை.

தீர்ப்பாணை எழுதப்பட்ட அன்று படிக்கட்டில் எதிர்வழக்குரைஞர் என்னுடன் இறங்கிவந்தார். “சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஃபார்ம் ஏஜென்ட் மிஸ்டேக்னு நீங்க ஒரு அஃபிடவிட் போடுவீங்கன்னுதான் எங்க பக்கம் பயந்துட்டு இருந்தோம். அந்த ஆஸ்பத்திரி ரெஜிஸ்டருக்கு எங்ககிட்ட பதிலே இல்ல” என்றார். நான் விடை கூறுமுன்பே அவர் விடையை அறிந்துகொண்டார் என்று எண்ணுகிறேன். “சரி சார், வர்றேன்” என்று எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அதன்பின் எந்நீதிமன்றத்தில் கண்டாலும் எனக்கு வணக்கம் கூறுவார், பேசமாட்டார்.

அங்காடி பினாயிலை எடுக்கவில்லை. புதுப் பெயரொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அம்மையாரை இருமுறை அழைத்தேன். தம் பெயரையே வைக்கலாமே என்றதற்கு, “பினாயிலுக்குக் கஸ்தூரின்னு பேரு வெச்சா வாங்குறவன் சிரிக்க மாட்டானா சார்?” என்றார். மூன்றாம் முறை அழைத்தபோது எடுக்கவில்லை. பெயரொட்டாத புட்டிகளைச் சந்தில் இருந்தவர்கள் மட்டும் சிறிதுகாலம் வாங்கினர். விடுதிக்காரர் பட்டரை ஒருநாள் தெருவில் கண்டேன். “எங்க ஓனர், போன்லயே ஆர்டர் பண்ணு, அல்லியையே பண்ணுன்னார். பண்ணினேன். வந்தது அந்தக் கம்பெனி அல்லி. அக்கா கேனைத் திருப்பிக் குடுக்க ஒரு தடவை போனேன், அப்புறம் போகல. எந்த முகத்தோட போறது, ஸ்வாமி?” என்றார். அவருக்காவது அவ்வளவு தோன்றியிருக்கிறது.

விருந்தில் கைதட்டல் பெற்ற மறுவாரம் அம்மையாரைத் தேடிச் சென்றேன். பீப்பாய்கள் அங்கில்லை. முன்னறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அம்மையார் காலை வேளைகளில் திருமண மண்டபத்தில் வேலை செய்வதாகக் கூறினார்கள். முன்பு அவரிடம் பினாயில் வாங்கிய அதே மண்டபம். ஒரு வரவேற்பு முடிந்து அடுத்த நிகழ்ச்சிக்குமுன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நில்லுங்க சார், அங்கயே நில்லுங்க. ஈரமா இருக்கு, வழுக்கும்.”

நின்ற இடத்திலிருந்தே கூறினேன். நீங்கள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான். நீதிமன்றத்தில் அதைச் சொல்லியிருந்தால் பெயர் நின்றிருக்கக் கூடும். அஞ்சிச் சொல்லவில்லை என்றேன். அவர் துடைக்கும் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிழிந்து முடித்தும் அதைக் கீழே வைக்கவில்லை.

“நான் சொன்னேனே சார். பெரியவ வயித்துல இருக்கும்போதுன்னு.”

“சொன்னீங்க.”

“எழுதிக்கலையா?”

“எழுதல.”

“இத்தன வருஷமா வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, கோர்ட்டுல என்னடி உளறுனேன்னு. என்னமோ உளறிட்டேன் போலன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். ராத்திரி பகலா யோசிப்பேன், என்னத்த உளறுனோம்னு. ஒண்ணும் நெனப்புக்கு வராது.” அவர் குரல் உயரவில்லை. “வராதுதானே. நான் உளறவே இல்லயே.”

“இல்லம்மா.”

“இப்போ சொன்னா பேரு திரும்பி வருமா?”

“கஷ்டம். ஆனா திரும்ப வழக்குப் போடலாம். நானே சாட்சி சொல்றேன்.”

“மறுபடி கோர்ட்டா? போங்க சார்.” அவர் மீண்டும் துடைக்கத் தொடங்கினார். ஒரு வரிசை துடைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டுக்காரருகிட்ட நீங்களே வந்து சொல்லுவீங்களா?”

அன்று மாலையே சென்று கூறினேன். அவர் கணவர் நான் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். அமரும்படி என்னிடமும் கூறவில்லை. அது முறையே.

இதனை எழுதுவதாகவும் அவர்களிடம் கூறினேன். எழுதியதைப் படித்துக் காட்டும்படி அம்மையார் கேட்டார். பிறிதொரு நாள் சென்று முழுவதும் படித்துக் காட்டினேன். ஊதுவத்திக்காரர்களைப் பற்றிய இடத்தில் சிரித்தார். இணக்க மையத்துப் பகுதி வந்ததும் கைநீட்டி நிறுத்தினார். ‘அவர் உடன்பட்டார்’ என்று அங்கே எழுதியிருந்தேன்.

“ஒத்துக்கிட்டேன்னு எழுதாதீங்க சார். நீங்க சொன்னீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டும் ஒண்ணா?”

அவ்விடத்தை அவர் சொன்னவாறே மாற்றிவிட்டேன். ஏனைய செய்திகளை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். விதிகளைப் பற்றியோ, விசாரணையின் போக்கைப் பற்றியோ, அன்று அவையிலிருந்த எவரைப் பற்றியோ பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் எனக்கு எழுதுங்கள். எனக்குச் சார்பாக நான் எங்கேனும் ஒரு சொல்லை மென்மையாக்கியிருப்பதாகத் தோன்றினால், அதனை முதலில் திருத்துங்கள்.